கடனுக்கு ஓர் அருங்காட்சியகம்

அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸில், அரசுப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் புலம் 2005-இல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. நாடு வாங்கிய வெளிநாட்டுக் கடனின் கதையைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் அதன் வேலை.

அந்தக் கதை 1824-இல் தொடங்குகிறது. துறைமுகம் கட்டவும் நகருக்குக் குடிநீர் கொண்டுவரவும் என்று பியூனஸ் அயர்ஸ் மாகாணம் லண்டன் பேரிங் வங்கியிடம் 10 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. தள்ளுபடி, தரகு, முன்வட்டி எல்லாம் பிடித்தது போகக் கிடைத்தது 6 லட்சத்துக்கும் குறைவு. வட்டியோ முழு 10 லட்சத்துக்கும். பத்தாயிரத்துக்கு நோட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஆறாயிரத்தைக் கையில் வைக்கும் நம் ஊர்க் கந்துவட்டிக் கணக்கேதான். அந்தப் பணத்தில் துறைமுகம் எழவில்லை. சில ஆண்டுகளிலேயே தவணை நின்றது. கடன் முழுதாக அடைய 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய அத்தியாயம் இன்னும் கொடியது. 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வெளிக்கடன் சுமார் 800 கோடி டாலர். 1983-இல் அது போகும்போது சுமார் 4,500 கோடி. தனியார் நிறுவனங்கள் வாங்கிய டாலர் கடனையும் அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. யாரைக் கேட்டு? பத்திரிகையாளர் அலெஹாந்த்ரோ ஓல்மோஸ் 1982-இல் வழக்குப் போட்டார். முறைகேடுகள் நூற்றுக்கணக்கில் நடந்ததாக 2000-இல் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. காலம் கடந்துவிட்டதால் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

கடன் நெருக்கடி முற்றி, 2001 டிசம்பரில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மக்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தனர். 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதிபர் பதவி விலகினார். இடைக்கால அதிபர் ரோட்ரிகஸ் சா, கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது கரவொலி எழுந்தது. அடுத்த ஆண்டில் மக்களில் பாதிக்கும் மேலானோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனார்கள்.

இந்த அருங்காட்சியகத்தின் அருமை இங்கேதான். கையெழுத்திடுபவர்கள் சிலர், கட்டுபவர்களோ அப்போது பிறக்காதவர்கள்கூட. அவர்களுக்குக் கணக்கைக் காட்டும் கடமை அரசுக்கு உண்டு. அதை ஒரு பல்கலைக்கழகம் செய்தது.

அருங்காட்சியகம் திறந்த பிறகும் கணக்கு முடியவில்லை. 2018-இல் பன்னாட்டு நிதியம் அர்ஜென்டினாவுக்கு ஒப்புக்கொண்ட 5,700 கோடி டாலர், அந்நிதியத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய கடன். 2020-இல் நாடு மீண்டும் தவணை தவறியது. 2025 ஏப்ரலில் அதே நிதியம் மேலும் 2,000 கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது.