ரெப்போ குறைந்தது, யாருடைய வட்டி குறைந்தது?

2025 தொடக்கத்தில் 6.50 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி நான்கு முறை குறைத்து, டிசம்பரில் 5.25 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. கடனாளிகளுக்கு நற்செய்தி என்று இது கொண்டாடப்பட்டது. எந்தக் கடனாளிக்கு என்பதே நம் கேள்வி.

அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் பணத்தின் வட்டியே ரெப்போ. ஆனால் வங்கிகள் கடனாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி மக்களின் வைப்புத்தொகை. பழைய நிரந்தர வைப்புகளுக்கு ஒப்புக்கொண்ட வட்டியை முதிர்வு வரை கொடுத்தாக வேண்டும். எனவே, நிதி திரட்டும் செலவை அடிப்படையாகக் கொண்டு 2016 ஏப்ரலில் வந்த எம்.சி.எல்.ஆர். முறையில், ரெப்போ குறைப்பு கடனாளியை மெதுவாகவே எட்டியது. விகிதம் ஏறும்போது விரைவும் இறங்கும்போது தயக்கமும் காணப்படுவதை ரிசர்வ் வங்கி அமைத்த ஆய்வுக் குழுவே 2017இல் சுட்டிக்காட்டியது.

இதற்கு மாற்றாகவே, 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டியிலான வீட்டுக் கடன், தனிநபர் கடன், குறு சிறு தொழில் கடன் ஆகியவை ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வட்டியைத் திருத்த வேண்டும். இத்தகைய கடனில் 5 லட்சம் ரூபாய் நிலுவை வைத்திருப்பவருக்கு, மேற்சொன்ன 1.25 விழுக்காட்டுக் குறைப்பால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,250 ரூபாய் வட்டி குறையும்.

பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர்க்கும் பெண்களுக்குமென 2016இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தின் வட்டி உச்சவரம்போ, எம்.சி.எல்.ஆருக்கு மேல் 3 விழுக்காடும் கால அளவுக்கான கூடுதலும் என வகுக்கப்பட்டது. மெதுவாக நகரும் அதே அளவுகோல்!

நம் குடியிருப்புகளில் பெண்கள் குழுவாகக் கையெழுத்திட்டு வாங்கும் நுண்கடனுக்கு இந்த இணைப்பும் இல்லை. 20 விழுக்காட்டைத் தாண்டும் நிலையான வட்டியில் கடன் தரும் நிதி நிறுவனங்களை 2019ஆம் ஆண்டு விதி கட்டுப்படுத்தாது. அவற்றின் லாப இடைவெளிக்கு இருந்த வரம்பையும் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நீக்கியது. வட்டியை நிறுவனத்தின் இயக்குநர் குழுவே தீர்மானிக்கலாம், அது கொடுவட்டியாக இருக்கக் கூடாது என்றது. எத்தனை விழுக்காடு கொடுவட்டி? எண் இல்லை. எண் இல்லாத வரம்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எதை வாதிடுவது? அடுத்த மாதமே, ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று கேரள, குஜராத் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் கை கட்டப்பட்டது. மையத்தின் கை தானே விலகிக்கொண்டது.

சேமிப்பவர் பக்கம் மட்டும் தயக்கமே இல்லை. சேமிப்புக் கணக்குக்குக் கால ஒப்பந்தம் கிடையாது. நினைத்த நாளில் வட்டியைக் குறைக்கலாம். பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் அதை 2.50 விழுக்காடாக்கியது. கடனுக்கு 20 கொடுக்கும் கையே சேமிப்புக்கு இரண்டரை வாங்குகிறது.

வங்கிக் கடன் இருப்போர் முதலில் ஒப்புதல் கடிதத்தில் எந்த அளவுகோல் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தவணைக் கடன்களின் வட்டி திருத்தப்படும்போது, நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைத் தருமாறு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டிருந்தது; 2025 அக்டோபர் முதல் அதை வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. நுண்கடன் வாங்குவோருக்கு மொத்த ஆண்டுச் செலவைக் காட்டும் விவரத் தாளை அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வங்கியிடம் எழுத்துமூலம் கேட்டு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை.