கடலின் இருபுறமும் அந்நியர்



கோத்தகிரியிலோ கூடலூரிலோ 'சிலோன்காரங்க' எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், உடனே வழி காட்டுவார்கள். அந்த வீடுகளில் இன்று இருக்கும் இளைஞர்கள் இலங்கையைப் பார்த்ததே இல்லை. இங்கே பிறந்து, இங்கே படித்தவர்கள். அவர்களுடைய பாட்டி அங்கே கொழுந்து பறித்த காலத்தில் அவருக்குப் பெயர் 'இந்தியத் தமிழர்'. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். அந்நியர் என்ற பட்டம் கடல் தாண்டியதால் வந்ததல்ல, காகிதத்தால் வந்தது.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவன் என்று காட்டு என்றது. லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்கே பிறப்புப் பதிவு அரிது, தகப்பனுக்கு எங்கே போவது? பெரும்பான்மையினர் நாடற்றவர் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்காளிகள் ஆட்டுக்குட்டியைப் பிரிப்பதுகூட இதைவிடக் கொஞ்சம் யோசித்துத்தான் நடக்கும். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிளந்தன.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது; அதுதான் பின்னாளில் டான்டீ. காடு திருத்திச் செடி வைத்தது அவர்கள் கை. வீடு மட்டும் வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய் என்பார்கள். சமவெளியில் கடன் கொடுத்துக் கடை வை என்று அனுப்பப்பட்டவர்களில் பலரும், பிழைக்க முடியாமல் கூலியாக இதே மலைக்கு ஏறி வந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். கங்காணி முறை சாதியையும் கப்பலில் ஏற்றித்தான் கொண்டுபோனது. அங்கே யாரும் அதைக் கழற்றிவிடவில்லை. ஆனால் இங்கே சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது மட்டும், அவர்களின் சாதிக்கு ஆதாரம் வேண்டுமாம். பூர்வீக கிராமம் எது? 1950-இல் குடும்பம் எங்கே வசித்தது? பதில் எளிது: கண்டியில், அட்டனில், பதுளையில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் சான்றிதழ் இழுத்தடிக்கப்படுகிறது. தெருவில் சாதி சொல்லித் திட்ட எவனும் ஆதாரம் கேட்பதில்லை. 1891 டிசம்பரில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டிய மலை இது என்பதை நம் அதிகாரிகளுக்கு யாராவது சொன்னால் நல்லது. இலங்கையே 2003-இல் ஒரு சட்டம் போட்டு, அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது.

அடுத்து, தொடர்பு. போர் மூண்டதும் 1984-இல் கப்பல் நின்றது. கடிதம் மட்டுமே மிச்சம். அதை எழுதவும் படிக்கவும் இன்னொருவர் வேண்டும். தங்கை சொல்ல நினைத்ததை வாத்தியார் மகன் எழுதுவான். அவன் முன்னால் எதைச் சொல்ல முடியும்? கைப்பேசியில் குரல்பதிவு வந்த பிறகுதான், எழுத்தறியாத அந்தப் பெண்கள் இடையில் ஆளில்லாமல் பேசிக்கொண்டார்கள். படம் பார்த்துப் பேரப்பிள்ளைகளை அறிந்தார்கள்.

அந்தக் கதவைத்தான் அரசு அடைக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் மூன்றையும் முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் மறுபடி. 2022 ஏப்ரலில், விலைவாசிக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தபோது மறுபடி. வதந்தியைத் தடுக்கவே என்றார்கள். வதந்தி பரப்பத் தெரிந்தவனுக்கு வி.பி.என். போடவும் தெரியும். அது தெரியாதவர் கொழுந்து பறிக்கும் கிழவி. நம் நாட்டுக்கும் இதில் பேச வாயில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் அடைத்த இணையம், 4ஜி வேகத்தோடு முழுதாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது.

கண்டியில் கடைகள் எரிவதைக் கோத்தகிரியில் தொலைக்காட்சி காட்டுகிறது. அங்கே இருக்கும் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்டு அனுப்பும் குரல்பதிவில் ஒற்றை டிக் மட்டுமே விழுகிறது. வெளிநாட்டு அழைப்புக்கு அன்றைய கூலியில் பங்கு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தடை நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.