உயிருள்ளவரைக் கதையில் வைத்தல்

தாமலில் எங்கள் அண்டைவீட்டு நெசவாளர் ஒருவரை, அவர் பட்ட கடன் உட்பட, அப்படியே ஒரு கதையில் வைத்தேன். படித்துக் காட்டினேன். அவர் சினக்கவில்லை. “தம்பி, பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையாயிற்றே” என்றார். கதையைக் கிழித்தெறிந்தேன்.

ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயணின் மனைவி ராஜம் 1939-இல் டைபாய்டு காய்ச்சலால் மறைந்தார். 1945-இல் வெளிவந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில் அவரே சுசீலாவானார். ஆயினும் கணவன் கிருஷ்ணன் ஒரு கல்லூரி ஆசிரியன். ஊர் கற்பனை நகரான மால்குடி. துயரமோ நாராயணுடையது.

மாணவ நண்பர்களே! பாவு வாழ்க்கையினின்று வரட்டும். ஊடை கற்பனையாக இருக்கட்டும். பிறர் உணர்ச்சியைக் கதைக்கு எடுங்கள்; அவர்தம் இரகசியத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.