காசநோய்க் கிருமி நுழைந்த எல்லாருக்கும் ஏன் நோய் வருவதில்லை?

காசநோயாளி இருமும்போது கிருமிகள் நுண்துளிகளில் ஏறிக் காற்றில் மிதக்கின்றன. ஒரே வீட்டில் அதைச் சுவாசிப்பவர்களில் சிலருக்கே நோய் வருகிறது. மற்றவர்கள் தப்புவது எப்படி?

நுரையீரலின் காற்றுப் பைகளில் இருக்கும் விழுங்கணுக்கள் கிருமியை விழுங்கிவிடும். சாதாரணக் கிருமியென்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். இதுவோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே செரிக்கப்படாமல் தங்கிப் பெருகுகிறது. பொல்லாத கிருமிதான்.

சில வாரங்கள் கழித்தே டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்கின்றன. அவை சுரக்கும் வேதிப்பொருள் விழுங்கணுக்களைத் தூண்டிவிடுகிறது. பலவகை அணுக்கள் கூடிக் கிருமியைச் சுற்றிச் சிறு முடிச்சாக இறுகுகின்றன. அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைப்பது போலத்தான் இது: தணல் அணைவதில்லை, பரவுவதுமில்லை.

கிருமி தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வரும். எச்ஐவி, நீரிழிவு, சத்துக்குறைவு ஆகியவை சாம்பலைக் கலைத்துவிடும்.

அப்படியானால் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பது ஆபத்தா? சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வில், நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடவில்லை என்று தெரிந்தது. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்துவிடுகிறது.

சாப்பாட்டின் பங்கு இன்னும் வியப்பானது. மங்களூரு மருத்துவர் அனுராக் பார்கவா குழுவினர் ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.