பொதுப் பணமும் வாய்மொழி உத்தரவும்

தாய்நாட்டுப் பகுதியை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லாத வீடு அரிது. ஊரில் காணி நிலம் உடையோர் சிலரே. வந்த இடத்திலோ உற்றார் உறவினர் துணை குறைவு. குடும்பத் தலைவனுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் மனைவி மக்கள் மொழி தெரியாத ஊரில் என் செய்வர் என்னும் கவலையே நம்மை மாதந்தோறும் தவணை கட்டச் செய்கிறது. இவ்வாறு சிறுகச் சிறுகச் சேரும் பணத்தைக் காப்பவர் யார்? செல்வாக்குள்ளோர் கை அதன்மீது படாமல் தடுப்பது எது? இக்கேள்விகளுக்கு 1958ஆம் ஆண்டில் ஒரு சட்ட அறிஞர் விடையளித்தார். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக அப்போது விளங்கிய எம். சி. சாக்ளா அவர்களே அவர். அவர் கூறியவற்றை நம் அன்பர்களுக்கு இங்கே நினைவூட்ட விரும்புகிறோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1956 ஜனவரி 19ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின் மூலம், அதுவரை தனியார் வசமிருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை மத்திய அரசாங்கம் தன் நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி 245 கம்பெனிகளும் சேமநிதிச் சங்கங்களும் ஒன்றிணைந்து, நாம் எல்.ஐ.சி. என்றழைக்கும் ஆயுள் இன்ஷூரன்ஸ் கழகம் உருவாயிற்று. பாலிசிதாரரின் பணத்தைச் சில முதலாளிகள் தம் சொந்தக் காரியங்களுக்குத் திருப்பிக்கொண்டதே இம்மாற்றத்துக்கு ஒரு முக்கிய காரணம். இனி நம் பணத்துக்கு ஆபத்தில்லை என்று மக்கள் நிம்மதியுற்றனர்.

அந்த நிம்மதி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1957 ஜூன் மாதத்தில், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ரா என்பாருடைய தொடர்பிலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. ரயில் வண்டிகள் செய்துவந்த ஜெஸ்ஸப் கம்பெனியும் அவற்றுள் ஒன்று. கழகத்துக்கென்றே முதலீட்டுக் குழு ஒன்று இருந்தது. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கங்களை அறிந்தோர் அதில் இருந்தனர். அக்குழுவைக் கலந்துகொள்ளாமலே பேரம் முடிந்தது. முந்த்ராவின் பண நெருக்கடியும் அவரைப் பற்றிய ஐயப்பாடுகளும் சந்தையில் தெரியாதவை அல்ல.

இவ்விவகாரத்தை 1957 டிசம்பரில் லோக்சபையில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சியான காங்கிரஸின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். கட்சியும் உறவும் ஒருபுறம் நிற்க, பாலிசிதாரரின் நலம் மறுபுறம் நிற்க, அவர் பாலிசிதாரரின் பக்கம் நின்றார். அப்போது நிதியமைச்சர், நம்மவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர், கூர்த்த அறிவும் நிர்வாகத் திறமையும் உடையவர் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். ஆதலால் வடக்கே வாழ்ந்த தமிழர் பலருக்கு இவ்விவகாரம் மனச்சங்கடம் தந்திருக்கும். நம்மவர் என்பதற்காக உண்மையை மறைக்கவும் வேண்டுவதில்லை. அவருடைய பிற தொண்டுகளை மறக்கவும் வேண்டுவதில்லை.

1958 ஜனவரியில் சாக்ளாவைத் தனி உறுப்பினராகக் கொண்ட விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டில் பிறந்த சாக்ளா, பம்பாயில் வக்கீல் தொழில் பயின்று, 1941இல் நீதிபதியாகி, 1947இல் தலைமை நீதிபதியானவர். விசாரணை மக்கள் முன்னிலையில் நடைபெறவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பம்பாயில் நடந்த விசாரணையைக் கேட்கத் திரண்ட கூட்டத்துக்கு இடம் போதாமல், வெளியே நின்றோரும் கேட்க ஒலிபெருக்கி வைக்க நேர்ந்தது. நிதியமைச்சர், நிதித்துறைச் செயலாளர் எச். எம். பட்டேல், கழகத்தின் தலைவர் காமத், நிர்வாக இயக்குநர் வைத்தியநாதன் எனப் பெரும் பதவியிலிருந்தோர் அனைவரும் சாட்சி சொல்ல வந்தனர். ஒரு மாதத்துக்குள் விசாரணை முடிந்து அறிக்கையும் அளிக்கப்பட்டது.

சாட்சியங்களில் வெளிவந்தது என்ன? கல்கத்தா பங்குச் சந்தை சரியாமல் தாங்கவே பங்குகள் வாங்கப்பட்டன என்பது அதிகாரிகள் கூறிய காரணம். சந்தையைத் தாங்குவதே நோக்கமாயின், ஒரே மனிதரின் பங்குகளை அவரோடு பேசி வாங்குவானேன் என்ற கேள்விக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. கழகத்தின் அதிகாரிகளோ, செயலாளர் சொன்னதை அரசாங்கத்தின் உத்தரவாகவே எடுத்துக்கொண்டதாகக் கூறினர். செயலாளர், அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார். அமைச்சர், தாம் அப்பேரத்துக்கு ஒப்புதல் தரவில்லை என்றார். ஒருவர் மற்றவரைக் காட்ட, மற்றவர் இன்னொருவரைக் காட்ட, ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பொறுப்பாளி எவர் என்று சுட்டவல்ல ஒரு காகிதம் இல்லாமற் போயிற்று.

அன்பர்கள் இங்குச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஆயுள் இன்ஷூரன்ஸ் கழகச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பொதுநலம் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசாங்கம் கழகத்துக்குக் கட்டளையிடலாம் என்று கூறியது. ஆனால் அக்கட்டளை எழுத்து மூலமாக இருக்கவேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்லியது. சட்டம் செய்தோர் இதனை வீணாகச் சேர்க்கவில்லை. எழுதிக் கையொப்பமிடுவோன் அதற்குப் பின்னர் விடை சொல்லியாக வேண்டும். ஆகவே தகாத காரியத்தை எவரும் எழுத்தில் கேட்கத் தயங்குவர். தொலைபேசியில் ஒரு சொல், தேநீர் அருந்துகையில் ஒரு குறிப்பு, 'மேலிடத்தின் விருப்பம்' என்றொரு முணுமுணுப்பு: நிர்ப்பந்தம் பெரும்பாலும் இவ்வழிகளிலேதான் வருகிறது.

ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் எமக்கு இது எளிதில் விளங்குகிறது. ஸ்டேஷன் எல்லையில் சிக்னல் பழுதாகிச் சிவப்பு விளக்கே நின்றால், 'வழி சரியாக இருக்கிறது, போகலாம்' என்று எவரோ வாயாற் சொன்னதைக் கேட்டு டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். முறைப்படி எழுதிக் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு அவர் கைக்கு வரவேண்டும். பெரிய அதிகாரி ஒருவரே பிளாட்பாரத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் சீட்டின்றி வண்டி நகராது. இதனை எவரும் டிரைவரின் அகந்தை என்று சொல்வதில்லை. பின்னால் உள்ள பெட்டிகளில் நூற்றுக்கணக்கான உயிர்கள் உறங்குகின்றன. அவ்வுயிர்களுக்கே அவர் முதற்கண் கடமைப்பட்டவர். கழகத்தின் தலைமையில் அமர்ந்தோரை நம்பியும் லட்சக்கணக்கான குடும்பங்கள் உறங்கின. அவர்கள் சீட்டுக் கேட்கவில்லை.

சாக்ளாவின் அறிக்கையில் நிலையான பயன் தருவன அவர் இறுதியில் வகுத்த நெறிகளே. சுயாதீனமுள்ள கழகங்களின் அன்றாட வேலையில் அரசாங்கம் தலையிடலாகாது. தலையிட விரும்பினால் எழுத்து மூலம் கட்டளையிடும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாகாது என்றார். பாலிசிதாரரின் பணம் பாலிசிதாரரின் நன்மைக்கே பயன்படவேண்டும். வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் அது நாட்டின் பெருநலம் கருதியதாக இருக்கவேண்டும், மக்களும் அதனை அறிய உரிமையுடையவர் என்றார். அரசாங்கப் பணியிலிருந்து கழகத்துக்கு வரும் அதிகாரிகள், தம் விசுவாசம் இனிக் கழகத்துக்கே உரியது என்பதை உணரவேண்டும். மேலதிகாரிகளின் செல்வாக்குக்குத் தம் சொந்த முடிவை ஒப்புக்கொடுக்கலாகாது என்றார். பாராளுமன்றத்துக்கு உண்மையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும் என்றார். தம் கீழ் அதிகாரியின் செயலுக்கு அமைச்சரே முழுப் பொறுப்பேற்கவேண்டும் என்றும் தீர்த்துரைத்தார்.

1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பின்னர் 1962இல் மந்திரிசபைக்குத் திரும்பி, 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். பட்டேலும் அரசாங்கப் பணியை விட்டு விலகிப் பல்லாண்டு கழித்து, 1977இல் தாமே நிதியமைச்சரானார். அறிவும் திறமையும் மிக்க இருவர் இதிற் சிக்கியதே நாம் கவனிக்கத்தக்கது. தீயோரால் மட்டுமே தீங்கு வருவதாயின் காவல் எளிது. நல்லோரும் அவசரத்தில் முறையைத் தாண்டக்கூடும் என்பதனாலேயே முறை வேண்டியிருக்கிறது.

சாக்ளா பிறருக்குச் சொன்னதைத் தாமும் கடைப்பிடித்தாரா என்று சிலர் கேட்கலாம். நீதிபதி பதவியை விட்டு 1958இல் அமெரிக்காவுக்கு இந்தியத் தூதராகச் சென்றதைக் குறை கூறியோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் 1967இல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, உயர்கல்வியின் மொழி பற்றிய அரசாங்கக் கொள்கை நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு செய்யும் என்று கருதி, அப்பதவியைத் துறந்து வெளியேறினார். 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, பலர் வாய் மூடியிருக்க, எழுபத்தைந்து வயதை எட்டிய அவர் அதனை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். கொள்கைக்காக நாற்காலியை இழக்கத் தெரிந்தவர் என்பது ஐயத்துக்கு இடமற்றது.

இன்று நிலைமை பலவாறு மாறியிருக்கிறது. 2022 மே மாதத்தில் எல்.ஐ.சி.யின் பங்குகளே சந்தையில் விற்பனைக்கு வந்தன, 3.5 சதவிகிதத்தை அரசாங்கம் பொதுமக்களுக்கு விற்றது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, ஒவ்வோர் இயக்குநரும் உரிய கவனத்தோடும் சுயேச்சையான முடிவோடும் கடமையாற்றவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. சாக்ளா கூறிய அறம் இவ்வாறு ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் ஏட்டிலுள்ள பிரிவு தானே எழுந்து நின்று 'முடியாது' என்று சொல்லாது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதன்தான் சொல்லவேண்டும். அரசன் கேளாவிடினும் உறுதி பயப்பதை எடுத்துரைப்பது அருகிருப்போன் கடமை என்று, 'அமைச்சு' என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும் வற்புறுத்துகிறார்.

நம் பிள்ளைகள் பலர் பாங்குகளிலும் கம்பெனிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்கின்றனர். வெளியூரில் வேலையே வேர் என்று வாழும் நமக்கு, மேலதிகாரியின் முகம் கோணுமோ என்ற அச்சம் மற்றவரினும் சற்று மிகுதி. மாற்றல் வந்தால் பள்ளிக்கூடம் என்னாகும், வீடு என்னாகும் என்று எண்ணியே பலர் தலையசைத்து விடுகின்றனர். இவ்வச்சத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் எதிர்த்து வாதிடவோ முழக்கமிடவோ தேவையில்லை. 'ஐயா, தாங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஒரு வரி எழுதிக் கொடுத்தருளுங்கள்' என்று பணிவோடு கேட்டால் போதும். நியாயமான உத்தரவாயின் எழுத்து உடனே வரும். வராவிட்டால், அக்காரியத்தின் தன்மை அப்போதே விளங்கிவிடும்.

குடியிருப்புச் சங்கமாயினும், கோயில் திருப்பணிக் குழுவாயினும், நம் தமிழ்ச் சங்கமாயினும், பிறர் பணம் உள்ள இடமெல்லாம் இந்நெறி பொருந்தும். தலைவர் வேண்டியவர், செயலாளர் உறவினர் என்பதற்காகத் தீர்மானமின்றிப் பணம் எடுக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அடுத்த கூட்டத்திலேயே அதனை நிறுத்துவோமாக. வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் உறுப்பினரைச் சண்டைக்காரர் என்று ஒதுக்காமல், அருகே நாற்காலி போட்டு உட்காரவைப்போமாக.