நிரையும் மந்தையும்

ராஜகீழ்ப்பாக்கம் வழியே செல்லும் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் மாடுகள் குறுக்கிட்டால் ‘மாட்டுக்கூட்டம்’ என்கிறோம். கூட்டம் எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். ‘நிரை’ அத்தகையதன்று, வரிசையாகச் செல்லும் பசுக்களை அது கண்முன் நிறுத்துகிறது. பண்டைத் தமிழர்க்குக் கால்நடையே செல்வம். ஆகவே இத்தொகுதிப்பெயர் போரிலக்கணத்திலும் இடம்பெற்றது. ஆநிரை கவர்தலை வெட்சித்திணை என்றும், மீட்டலைக் கரந்தைத்திணை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது.

‘மந்தை’ இன்னும் சுவையானது: ஆடுமாடுகளின் தொகுதியையும், அவை கூடும் ஊர்ப்பொதுவெளியையும் அச்சொல்லே குறிக்கும். சென்னை மந்தைவெளியில் இன்று மேய்ச்சல் நிலமில்லை. பெயரில் மட்டும் அது எஞ்சியுள்ளது. வரிசையாக ஊரும் எறும்புகளைச் ‘சாரை’ என்பர். மக்கள் ‘சாரை சாரையாக’ வந்தனர் எனலாம். ‘மந்தை மந்தையாக’ வந்தனர் எனின் அது இகழ்ச்சியாகிவிடும்.