கொலஸ்ட்ரால் மாத்திரை ‘பழகிப்போச்சா’?

‘‘முதல்ல எல்டிஎல் 78-க்கு இறங்குச்சு. இப்போ 124. மூணு வருஷமா ஒரே அட்டோர்வாஸ்டாடின், உடம்புக்குப் பழகிப்போச்சு. வேற மாத்திக் கொடுங்க!’’ தட்டாஞ்சாவடி மருந்துக்கடை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

தூக்க மாத்திரை மாதிரி ஸ்டாடின் பழகிப்போவது அரிது. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதையே அது தடுக்கிறது. தினமும் போட்டால் தினமும் தடுக்கும். அளவு ஏறினால் முதல் சந்தேகம் நம் மேலேதான். ரிசல்ட் நார்மல் என்றதும் வாரத்துக்கு ரெண்டு நாள் மாத்திரையை மறந்துவிடுவோம். அடுத்த சந்தேகம் தைராய்டு. அது மந்தமானாலே எல்டிஎல் ஏறும். டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் இறங்கலையா? டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 சதவிகிதம்தான் குறையும் (நஷ்ட வியாபாரம்!). அதனால் வீரியம் அதிகமான ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சாமல் தடுக்கும் எசெடிமைபைச் சேர்ப்பார்கள். இது இன்னும் 20 சதவிகிதம் வரை குறைக்கும். மாற்றியபின் 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தவே கூடாது. பக்கத்தில் கோரிமேட்டிலேயே ஜிப்மர் இருக்கு. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துட்டுப் போங்க.